வரலாறு போட்ட கோல்

ஒரு பள்ளிக்கூடத்துக்கு நூற்றிருபத்தைந்து வயது ஆகிவிட்டால் அதற்கு ஒரு வரலாறு எழுதியே தீர வேண்டும். எங்கள் கத்தோலிக்க ஆண்கள் மேல்நிலைப் பள்ளிக்கு அந்த வயது வந்ததும் முன்னாள் மாணவர் சங்கம் கூடியது. டீ குடித்தது. பிஸ்கட் தின்றது. பிறகு "விளையாட்டு வரலாற்றுத் தொகுப்புக் குழு" என்று ஒன்றை அமைத்தது. அதில் நானும் ஓர் உறுப்பினன். என்ன தகுதி என்று கேட்காதீர்கள். அன்றைக்கு நல்ல புழுக்கம், மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்த சிலருக்கு எழுந்து போக மனம் வரவில்லை. எழுந்து போகாதவர்கள் எல்லாரையும் உறுப்பினர்களாக எழுதிக்கொண்டுவிட்டார்கள்.

குழுவின் தலைவர் ஓர் ஓய்வுபெற்ற உயர் அதிகாரி. வேலை பார்த்த காலம் முழுக்கக் கோப்புகளை ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர். ஓய்வு பெற்றதும் கை நமநமத்துப் போய், உலகத்தில் எதைப் பார்த்தாலும் அதற்கு ஒரு குழு போட வேண்டும் என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது அவருக்கு. "விளையாட்டு எதுக்கு சார், படிப்பு வரலாறு எழுதலாமே?" என்று யாரோ ஒரு அப்பாவி கேட்டார். "அதுல நம்ம மார்க்கெல்லாம் வெளியில வரும்" என்றார் தலைவர். உடனே எல்லாரும் விளையாட்டுக்கே கை தூக்கினார்கள்.

எழுத உட்கார்ந்தபோதுதான் ஒரு சின்னச் சிக்கல் தெரிந்தது. எங்கள் பள்ளி எதிலும் ஜெயித்ததில்லை. கால்பந்தில் தோல்வி, ஹாக்கியில் தோல்வி, கயிறு இழுப்பதில் கயிறோடு சேர்ந்து எதிர்ப்பக்கம் போய் விழுந்த சாதனையும் உண்டு. நெடுந்தூர ஓட்டத்துக்கு அனுப்பிய ஒருவன் பாதி வழியில் மாமா வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு மறுநாள் பஸ்ஸில் வந்தான். இத்தனைக்கும் நடுவில் ஒரே ஒரு கால்பந்துக் கோப்பை மட்டும் தாளாளர் ஃபாதர் அறையில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. அது எப்படி வந்தது என்று சொல்வதற்கு முன்னால் எங்கள் பள்ளியின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

காலை ஆறு, நண்பகல், மாலை ஆறு என்று மூவேளை செபத்துக்குக் கோவில் மணி அடிக்கும். மணி அடித்துவிட்டால் வளாகத்துக்குள் ஒரு பயலும் அசையக் கூடாது. நின்ற இடத்தில் நின்று, தலையைக் குனிந்து, கண்ணை மூடிச் செபம் சொல்ல வேண்டும். படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலும் இருந்தால் அப்படியேதான். வாயில் தண்ணீர் இருந்தால் அதுவும் வாயிலேயேதான். கணக்கு வாத்தியார் ஒருமுறை பிரம்பை ஓங்கிய நேரத்தில் மணி அடித்தது. ஓங்கிய கையை இறக்காமல் முழுச் செபத்தையும் சொன்னார். 'ஆமென்' என்றதும் அடி விழுந்தது. அடி வாங்கியவன் அவ்வளவு நேரமும் அந்தப் பிரம்புக்குக் கீழே நின்று பக்தியோடு செபம் சொல்லிக்கொண்டிருந்தான்.

அந்தக் காலத்தில் ஒரு கோப்பை இறுதிப் போட்டி. எதிரணி, பாலத்துக்கு அந்தப் பக்கத்துப் பள்ளி. அவர்களும் கத்தோலிக்கர்கள்தான், ஆனால் வேறு சபைக் குருக்கள் நடத்துவது. மோட்சம் ஒன்றாக இருக்கலாம், மைதானத்தில் நாங்கள் ஜென்ம விரோதிகள். ஆட்டம் நீண்டுகொண்டே போய் மாலை மணி அடித்துவிட்டது. இரண்டு அணியும் நின்றது, நடுவரும் நின்றார். எங்கள் பையன் ஒருவன் மட்டும் நிற்காமல் ஓடிப் போய்ப் பந்தை வலைக்குள் தள்ளிவிட்டான். செபம் முடிந்து எல்லாரும் கண்ணைத் திறந்தால் பந்து உள்ளே கிடக்கிறது. எப்படிப் போனது என்று கேட்க ஆள் இல்லை. கேட்டால் செப நேரத்தில் கண்ணைத் திறந்திருந்ததாக ஆகிவிடுமே. கோல் நின்றது. கோப்பை வந்தது.

அந்தக் கோலைப் போட்டவர் இன்னும் இருக்கிறார், கடைத்தெருவில் இரும்புக் கடை வைத்திருக்கிறார். குழு அவரை நேரில் கண்டு வாக்குமூலம் வாங்கப் போனது.

"அந்தப் புனிதமான தருணத்தில் தங்களை உள்ளிருந்து ஏதோ ஒரு சக்தி உந்தியது, இல்லையா?" என்று ஆரம்பித்தார் தலைவர்.

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. நான் பள்ளிக்கூடத்துல சேர்ந்தே நாலு நாள்தான். எங்க வீட்ல வேற சாமி. அந்த மணி எதுக்குன்னே எனக்குத் தெரியாது. திடீர்னு எல்லாரும் நின்னுட்டாங்க. சரி, நல்லதாப் போச்சுன்னு போட்டுட்டேன்."

"ஆனால் ஏதோ ஒன்று உந்தியிருக்குமே?"

"பசி உந்துச்சு. ஆட்டம் முடிஞ்சா வீட்டுக்குப் போலாம்ல?"

தலைவர் பேனாவை எடுத்து "தாழ்மை" என்று எழுதிக்கொண்டார். நூலில் அந்த இடம் இப்படி வந்தது: "மணியோசையின் தெய்விக அதிர்வில் அம்மாணவரின் வலது கால் தன்வசமிழந்து, இறைச்சித்தத்தின் கருவியாயிற்று." அச்சுப் பிரதியைக் கொண்டுபோய்க் காட்டினோம். இரும்புக் கடைக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்துவிட்டு, "நான் எடது கால்லதானே போட்டேன்?" என்றார். வரலாற்றோடு ஒத்துழைக்காத காரணத்தால் விழா அழைப்பிதழில் அவர் பெயர் விடுபட்டுப்போனது.

இதெல்லாம் பழைய கதை. இனி நடப்புக்கு வருகிறேன்.

தலைவருக்கு ஒரு மாப்பிள்ளை உண்டு. ஆளுமை மேம்பாட்டு ஆலோசகர். கன்னத்தோடு ஒட்டிய மைக் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. சாப்பிடும்போது எப்படி என்று அவர் மனைவியைத்தான் கேட்க வேண்டும். அவர் தாளாளர் ஃபாதரிடம் ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தார். மைதானத்தை எடுத்துவிட்டு அங்கே குளிரூட்டப்பட்ட "விளையாட்டு மனப்பான்மை மையம்" கட்ட வேண்டும். பையன்கள் சாய்வு நாற்காலியில் படுத்து, கண்ணை மூடி, தாங்கள் ஜெயிப்பதாகக் கற்பனை செய்வார்கள்.

"ஓடுறதெல்லாம் பழைய முறை ஃபாதர். ஓடுறதா நினைக்கிறதுதான் இப்ப உலகம் பூரா."

"அப்ப உடம்புக்கு?" என்று கேட்டார் ஃபாதர்.

"உடம்புங்கிறதே மனசோட ஒரு பகுதிதானே ஃபாதர்?"

தாளாளர் ஃபாதர் கெட்டவர் இல்லை. ஆனால் புரியாத எதையும் மறுத்துப் பேசுவது அநாகரிகம் என்று நினைப்பவர். பெற்றோர்களைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர்களுக்குத் திட்டம் ரொம்பப் பிடித்துவிட்டது. சட்டை அழுக்காகாது, முட்டி தேயாது, பையன் கறுக்க மாட்டான். "ஹோம்வொர்க் பண்றதாவும் நினைச்சுக்கலாமாப்பா?" என்று ஒருவன் அவன் அப்பாவிடம் கேட்டு அறை வாங்கினான்.

இந்தத் திட்டத்துக்குக் குறுக்கே நின்றவர் ஒரே ஒருவர், பி.டி. மாஸ்டர். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்குவதால் அவருக்கே "விசில்" என்று பெயர். பதினோரு வருஷமாகத் தற்காலிக ஆசிரியர். அவருக்குப் பிறகு வந்து சேர்ந்த வேப்பமரம் கூட வேர் பிடித்து நிரந்தரமாகிவிட்டது, அவர் ஆகவில்லை. மற்ற வாத்தியார்கள் சேர்க்க மாட்டோம் என்று தள்ளிவிட்ட பையன்களையெல்லாம் சேர்த்துக்கொண்டு, விடியற்காலையில் மைதானத்தில் அவர்களோடு தானும் ஓடி ஓடி ஒரு அணியை உண்டாக்கியிருந்தார். என்ன மாயமோ, அந்த அணி இந்த வருஷம் ஒவ்வொரு பள்ளியாக ஜெயித்து இறுதிப் போட்டிக்கே வந்துவிட்டது. எதிரணி, சொல்லவே வேண்டாம், பாலத்துக்கு அந்தப் பக்கத்துப் பள்ளி. ஆட்டம் எங்கள் மைதானத்தில், எங்கள் விழா நாளில்.

தாளாளர் ஃபாதர் எங்கள் எல்லார் முன்னிலையிலும் விசிலைக் கூப்பிட்டுச் சொன்னார்: "கோப்பை வந்தா மைதானம் இருக்கும், உங்க வேலையும் நிரந்தரம். வரலைன்னா மையம்தான். உங்களுக்கும் வேற இடம் பாத்துக்க வேண்டியதுதான்."

"வரும் ஃபாதர்" என்றார் விசில். அப்படி அவர் முகம் மலர்ந்து நான் பார்த்ததில்லை. மனுஷன் அன்றைக்கே வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறார். அவர் சம்சாரம் கடைத்தெருவில் என் மனைவியைப் பார்த்து, "இந்த வருஷம் அவருக்குப் பெர்மனென்ட் ஆயிடும் அக்கா" என்று சொன்னாளாம்.

ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் எங்கள் குழு அவசரமாகக் கூடியது. தாளாளர் ஃபாதரும் வந்திருந்தார், விசிலையும் வரச் சொல்லியிருந்தோம்.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நூற்றிருபத்தைந்து ஆண்டுகளில் நமக்கு ஒரே ஒரு கோப்பை. அது மணி அடித்ததால் வந்தது. இந்த ஆண்டு நீங்கலாக, மணி அடிக்காத எல்லா ஆட்டங்களிலும் நாம் தோற்றிருக்கிறோம். ஆகவே இறுதிப் போட்டியில் மணி அடிக்க வேண்டும் என்று குழு தீர்மானிக்கிறது."

விசில் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார். "சார், ஆட்டம் ஆறு மணிக்கு முன்னாடியே முடிஞ்சிடும்."

"அதற்குத்தான் ஃபாதரிடம் சுற்றறிக்கை வாங்கியிருக்கிறோம்" என்று ஒரு தாளை எடுத்து வாசித்தார். "விழா நாளன்று மட்டும், மாலை ஆறு மணியானது, ஆட்டத்தின் தேவையைப் பொறுத்து, குழுத் தலைவர் கைக்குட்டையை அசைக்கும் நேரத்தில் வரும்."

"சார், மணி அடிச்சா நம்ம பசங்க நின்னுடுவாங்க."

"அவர்களும் நிற்பார்கள்."

"ரெண்டு பக்கமும் நின்னா யாரு சார் கோல் போடறது?"

"வரலாறு போடும்" என்றார் தலைவர்.

விசில் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "அப்படின்னா நம்ம பையன் ஒருத்தனையாவது நிக்காதடான்னு சொல்லி வைக்கட்டுமா?"

தாளாளர் ஃபாதர் அதிர்ந்துபோனார். "மாஸ்டர்! செப நேரத்துல நிக்காதேன்னு ஒரு கத்தோலிக்கப் பள்ளியிலயா சொல்லுவீங்க?"

"முதல் தடவை ஒருத்தர் நிக்காமத்தானே ஃபாதர் கோப்பையே வந்துச்சு?"

"அது இறைச்சித்தம். நீங்க சொல்றது சூழ்ச்சி" என்றார் ஃபாதர். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எங்களுக்கு உடனே புரிந்துவிட்டதுபோல் நாங்கள் எல்லாரும் தலையாட்டினோம்.

"பசங்க நல்லா ஆடறாங்க சார். சும்மா விட்டாலே ஜெயிச்சிடுவாங்க. உங்க கால்ல வேணா விழறேன், மணி மட்டும் வேண்டாம்."

"ஜெயிப்பது பெரிய விஷயமில்லை மாஸ்டர். எப்படி ஜெயிக்கிறோம் என்பதுதான் வரலாறு." தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. டீ வந்தது.

விழா நாளும் வந்தது. பந்தல் நிறையக் கூட்டம். ஆட்டம் தொடங்குவதற்கு முன் நூல் வெளியீடு. முதல் பிரதியைப் பெற்றுக்கொள்ள யாரைக் கூப்பிட்டிருந்தோம் தெரியுமா? பாலத்துக்கு அந்தப் பக்கத்துப் பள்ளியின் தாளாளரைத்தான். பெருந்தன்மை! அதோடு விட்டோமா? அந்தக் கோல் அத்தியாயத்தை ஒலிபெருக்கியில் முழுவதும் வாசித்தோம். மணி அடித்ததும் எல்லாரும் கண்ணை மூடியது, ஒருவர் மட்டும் ஓடியது, அந்தக் கோலை யாராலும் மறுக்க முடியாமல் போனது எல்லாவற்றையும் தலைவர் தன் கணீர்க் குரலில் ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார். எங்கள் பையன்கள் கொட்டாவி விட்டார்கள். எதிரணிப் பையன்கள் ஒரு வார்த்தை விடாமல் கேட்டார்கள். அவர்களுடைய பயிற்சியாளர் கையை உயர்த்தி, "அந்தப் பாராவை மட்டும் இன்னொரு தடவை வாசிக்க முடியுமா?" என்று கேட்டார். தலைவர் பூரித்துப்போய் இன்னொரு தடவை வாசித்தார். எங்கள் வரலாற்றுக்கு அப்படிப்பட்ட வாசகர்கள் அதற்கு முன்னாலும் கிடைத்ததில்லை, பின்னாலும் கிடைக்கவில்லை.

ஆட்டம் தொடங்கியது. பொய் சொல்லக் கூடாது, பையன்கள் பிரமாதமாக ஆடினார்கள். எங்கள் கேப்டன் ஒரு நெட்டையன், கணக்கில் ஃபெயில், ஆனால் பந்து அவன் காலில் நாய்க்குட்டி மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. இருபுறமும் கோல் இல்லாமல் ஆட்டம் முடியும் நேரம் நெருங்கியது. திடீரென்று நெட்டையன் நாலு பேரைக் கடந்து எதிரணிக் கோலுக்கு முன்னால் தனியாக நின்றான். கோல் கீப்பர் வழுக்கி விழுந்து கிடக்கிறான். காலால் லேசாகத் தட்டினால் போதும், ஒரு கிழவி கூடப் போட்டுவிடுவாள் அந்தக் கோலை.

"அடிடா!" என்று விசில் கத்தினார்.

"இதுதான் அந்தத் தருணம்!" என்று தலைவர் எழுந்து கைக்குட்டையை அசைத்தார். கோவில் உபதேசியார் மணிக்கயிற்றை இழுத்தார். மணி அடித்தது.

நெட்டையன் நல்ல வளர்ப்பு. முதல் வகுப்பிலிருந்து இங்கேயே படித்தவன். ஓங்கிய காலை இறக்கி, பந்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தலை குனிந்து கண்ணை மூடினான். எங்கள் பதினொரு பேரும் மூடினார்கள். பந்தல் முழுக்க மூடியது. நடுவரும் எங்கள் பழைய மாணவர்தான், அவரும் மூடினார்.

நானும் கண்ணை மூடித்தான் இருந்தேன். அதனால் அடுத்து நடந்ததைக் கேள்விப்பட்டதாகத்தான் சொல்ல முடியும். எதிரணியில் ஒரு குட்டையான பையன் மெதுவாக நெட்டையனிடம் வந்தான். செபம் கலைந்துவிடக் கூடாது என்பதுபோல் நிதானமாக, அவன் காலடியிலிருந்து பந்தை எடுத்துக்கொண்டான். பிறகு ஓட்டம். எங்கள் பையன்கள் நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்றுகொண்டிருக்க, ஒவ்வொருவனாகச் சுற்றிக்கொண்டு மைதானத்தின் மறுகோடி வரை ஓடினான். நடுவில் பந்து ஒரு கல்லில் பட்டு எகிறி அவன் தலைக்கு மேல் போனது. கையை நீட்டி ஒரு தட்டுத் தட்டிக் கீழே இறக்கினான். கோலுக்கு முன்னால் எங்கள் கீப்பர் கைகூப்பி நின்றான். அவனைத் தாண்டிப் பந்தை வலைக்குள் உருட்டிவிட்டு, குட்டையனும் அங்கேயே நின்று தலை குனிந்துகொண்டான்.

"ஆமென்" என்றது பந்தல்.

எல்லாரும் கண்ணைத் திறந்தோம். பந்து எங்கள் வலைக்குள் கிடந்தது. நடுவர் அதைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "கோல்" என்று கையைக் காட்டினார்.

"கையால தட்டினான்!" விசில் மைதானத்துக்குள் ஓடினார். "நடுவர் சார், கையால தட்டினான் சார்! அது கோலே இல்ல. நான் பாத்தேன்!"

தாளாளர் ஃபாதர் மேடையிலிருந்து இறங்கி வந்தார். "எப்ப பாத்தீங்க மாஸ்டர்?"

"இப்பதான் ஃபாதர். மணி அடிச்சப்ப."

"செப நேரத்துல உங்க கண்ணு திறந்தா இருந்துச்சு?"

விசில் நேராக ஃபாதரைப் பார்த்து, "ஆமா ஃபாதர். திறந்துதான் இருந்துச்சு" என்றார். பந்தலைப் பார்த்துத் திரும்பினார். "இத்தனை பேர் இருக்கீங்க. ஒருத்தர் கூடவா பாக்கல? சார், நீங்க கைக்குட்டை ஆட்டினீங்களே, நீங்க பாக்கல? அண்ணே, நீங்க?"

அண்ணே என்றது என்னை. நான் செருப்பில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போது நெட்டையன் முன்னால் வந்தான். அழுதிருந்தான். "ஃபாதர், நானும் பாத்..."

"அவன் பாக்கல ஃபாதர்" என்று விசில் குறுக்கே புகுந்தார். பையன் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளினார். "அவன் கண்ணை மூடிக்கிட்டுத்தான் இருந்தான். வாடா, போய்ச் சட்டையை மாத்து."

தலைவர் நடுவரை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டுப் பேசிப் பார்த்தார். மணி நேரத்தில் போட்ட கோல் செல்லாது என்று அறிவிக்கலாமா? நடுவர் நூலைப் பிரித்து அந்த அத்தியாயத்தைக் காட்டினார். மணி நேரக் கோல் செல்லாது என்றால் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் கோப்பையையும் பாலத்துக்கு அந்தப் பக்கம் அனுப்ப வேண்டும். தலைவர் நூலை மூடினார். கையால் தட்டியதை நிரூபிக்கலாம் என்றால் அதற்குச் சாட்சி வேண்டும். சாட்சி, செப நேரத்தில் கண் திறந்திருந்த ஒரே ஒரு ஒழுங்கீனமான ஆள். அவர் பேச்சை எப்படி எடுத்துக்கொள்வது?

குட்டையன் கோப்பையை வாங்கிக்கொண்டு போனான். விசிலுக்கு மறுநாளே உத்தரவு வந்தது: "புனிதமான வேளையில் விழி மூடாமை எனும் நடத்தைப் பிறழ்வின் பொருட்டு." அவர் விசிலை ஆசிரியர் அறை மேஜையில் வைக்கவில்லை, கழுத்திலேயே போட்டுக்கொண்டு போனார். அது பள்ளிச் சொத்து என்று நினைவூட்டி ஒரு கடிதம் அனுப்ப வேண்டும் என்று தலைவர் குழுவில் சொன்னார். அதுவும் ஒருமனதாக நிறைவேறியது.

ஏழு மாதத்தில் மையம் எழும்பிவிட்டது. திறப்பு விழாவுக்கு எங்களையெல்லாம் அழைத்திருந்தார்கள். உள்ளே நல்ல குளிர். வரிசை வரிசையாகச் சாய்வு நாற்காலிகள். பெற்றோர்கள், வாத்தியார்கள், முன்னாள் மாணவர்கள் என்று சுமார் இருநூறு பேர் படுத்தோம். தாளாளர் ஃபாதரும் அங்கியைச் சரிசெய்துகொண்டு முதல் வரிசையில் படுத்தார்.

மாப்பிள்ளை கன்னத்து மைக்கில் குழைந்த குரலில் பேசினார். "எல்லாரும் கண்ணை மூடுங்க. நல்லா மூச்சு விடுங்க. இந்தப் பள்ளியோட கடைசிக் கால்பந்து ஆட்டத்தை மனசுக்குள்ள கொண்டுவாங்க. மணி அடிக்குது. பந்து உருளுது. அப்படியே பாருங்க..."

கண்ணை மூடிக்கொண்டு பார்த்தோம். இந்த வேலையில் எங்களுக்குப் பழக்கம் உண்டு.

"இப்ப சொல்லுங்க. என்ன தெரிஞ்சது?"

கடைசி வரிசையிலிருந்து ஏதோ ஓர் அம்மா தூக்கக் கலக்கத்தில் சொன்னாள்: "கையால தட்டினான்."

"எடது கை" என்றது இன்னொரு குரல்.

"மணிக்கட்டுக்கு மேல, வாட்ச் கட்டற எடத்துல" என்றேன் நான்.

"ஆமா, ஆமா, அங்கதான்" என்று நாலா பக்கத்திலிருந்தும் குரல்கள் வந்தன. முதல் வரிசையில் இருந்தும் வந்தது.

மாப்பிள்ளைக்கு ஆனந்தம் தாங்கவில்லை. "பாத்தீங்களா! முதல் நாள், முதல் பயிற்சி! இருநூறு பேருக்கும் ஒரே காட்சி, ஒரே கை, ஒரே இடம்! எந்த மைதானத்துல ஓடியாவது இப்படி ஒரு பலன் கிடைக்குமா?"

நாங்கள் எழுந்து நின்று கை தட்டினோம்.